ஒன்றரை ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள்

திருப்பூரில் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கு, கணக்குச் சொல்லித் தருவதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். சான்றிதழ் பார்ப்பது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தேனி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அப்பா டெய்லராக இருப்பார். அம்மா செக்கிங் அல்லது கைமடி, அதாவது டெய்லருக்கு உதவியாள். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி ஆர்டர் அவசரமென்றால் அதற்கு மேலும் நீளும். உலை வைப்பது, தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில்தான். குழாயில் தண்ணீர் வரும் நாளில் முதல் பாடவேளைக்கு யார் யார் வரமாட்டார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

பள்ளி விழாக்களில் பேச வருகிறவர்கள் 'வறுமையை வென்று' என்று ஆரம்பிக்கும்போது எனக்கு எரிச்சல் வந்துவிடும். உழைப்பைப் பற்றி இவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். இவர்கள் தடுக்கி விழுவதெல்லாம் காகிதத்தில்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. மனத்திறனில் 90 கேள்விகள், பாடங்களில் 90. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம். பத்தாவதோடு நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டில் அந்த ஆயிரத்துக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதால் வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டைக் கேட்பார்கள். கார்டு ஊரில் பாட்டியிடம் இருக்கும். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரியும் இருக்கும். ஊருக்குப் போய்வர இரண்டு நாள் லீவு போட்டால் கூலியும் போகும், சூப்பர்வைசரின் முகமும் மாறும். இதற்காகவே சில தாத்தாக்களோடு நான் தொலைபேசியில் பழகியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் எந்தக் கிழமை அலுவலகத்தில் இருப்பார் என்பதை அவர்களைப் போலத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு பையனின் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இவன் ஆறாம் வகுப்பு மட்டும் ஒரு மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்தவன். அந்த வருடம் கம்பெனியில் ஆர்டர் நன்றாக இருந்ததால் மகனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். மறு வருடம் கட்ட முடியாமல் எங்களிடம் வந்தான். பிளஸ் டூவில் பள்ளியிலேயே கணக்கில் முதலிடம். விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த ஒரே வருடம் குறுக்கே நின்றது. ஆறு வருடம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவனை அரசுப் பள்ளி மாணவன் இல்லை என்று விதி சொல்கிறது. விதி என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், தெரியும். அவனுடைய அம்மாவிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மகனுக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் என்று அவர் நினைத்திருந்தது அந்த ஒரு வருடக் கட்டணத்தைத்தான்.

பொதுக் கலந்தாய்வில் அவனுக்கு இடம் கிடைத்தது. முதல் பட்டதாரிச் சலுகை இருந்ததால் கட்டணம் குறைந்தது. அந்தச் சான்றுக்குத் தாத்தா, பாட்டி வரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு மிகச் சுலபமாகக் கிடைத்த சான்றிதழ் அதுதான். விடுதிச் செலவுக்குச் செமஸ்டர் விடுமுறையில் கம்பெனிக்குப் போகிறான், அப்பா வேலை செய்யும் அதே தளத்தில்.

இப்போதெல்லாம் ஏழிலோ எட்டிலோ புதிதாகச் சேர வரும் பிள்ளையிடம் முதலில் ஆறாம் வகுப்பு எங்கே என்றுதான் கேட்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அந்தப் பையனின் தங்கையை அவனுடைய அம்மா ஆறாம் வகுப்பிலேயே எங்கள் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கணக்கில் அண்ணன் அளவுக்கு இல்லை, தமிழில் கெட்டிக்காரி.