செக்குபந்தி

மதுரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 22 ஆண்டுகளாக ஆவண எழுத்தராக இருக்கிறேன். கிரையம், தானசெட்டில்மெண்ட், விடுதலை, உயில் என எதை எழுதினாலும் ‘இன்னார் குமாரர் இன்னார் ஆகிய நான்’ என்ற வாசலைக் கடக்காமல் உள்ளே போக முடியாது. ஊரார் ‘நான்’களை இவ்வளவு எழுதியவனுக்குத் தன்னுடைய ‘நான்’ மீது சந்தேகம் வர ஒரு பிழை தேவைப்பட்டது.

ஒரு மனையின் நான்கு எல்லைகளையும் சொல்லும் பகுதியான செக்குபந்தியில், ‘பொதுப்பாதைக்கு மேற்கு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கிழக்கு’ என்று அடித்துவிட்டேன். வாங்கியவர் வீட்டுக் கடனுக்குப் போனபோது வக்கீல் கண்ணில் அது பட்டது. பிழைத்திருத்தல் பத்திரத்தை என் செலவிலேயே எழுதிப் பதிந்து கொடுத்தேன். காரியம் ஒரு வாரத்தில் முடிந்தது. டீக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் மனை வாங்கியவர் என்னைப் பேசிய பேச்சுதான் மாதக்கணக்கில் முடியவில்லை. அன்று சொல்லத் தவறிய பதில்களை நள்ளிரவில் மொட்டைமாடியில் கிடந்து, சட்ட வாசகங்களுடன் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் மகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுத வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம், வரைவை வாசித்துக் காட்டும் சாக்கில் இதைக் கொட்டிவிட்டேன்.

“தம்பி, அவர் பேசினது யாரை?”

“என்னைத்தான் ஐயா.”

“அந்த ‘என்னை’க்கு ஒரு செக்குபந்தி எழுதுங்க, பாப்போம்.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடை சாத்தியபின் ஒரு பழைய தாளின் பின்புறத்தில் உண்மையாகவே எழுதிப் பார்த்தேன்: இன்னார் மகன், இன்னாள் கணவன், இந்த உரிமம் எண் உடையவன், இந்த நாற்காலிக்குச் சொந்தக்காரன். எழுதிய அத்தனையும் பக்கத்து மனைக்காரர்களின் பெயர்களாகவே இருந்தன. செக்குபந்தியின் இயல்பே அதுதான் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறைத்ததில்லை: ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு’ என்று சுற்றியிருப்பவற்றைச் சொல்லிச் சொல்லியே ஓர் இடத்தைத் தனி இடமாக்குகிறோம், பக்கத்துக்காரர் விற்றுவிட்டால் எல்லையின் பெயரும் மாறிவிடும். மனைக்காவது நடுவில் மண் இருக்கிறது. என் தாளில் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது.

தாளைக் காட்டி, மேற்கொண்டு வழி சொல்லுங்கள் என்று கேட்டேன். அதற்குத் தாம் ஆள் இல்லை என்று சொல்லி, என்னைச் சொக்கப்ப நாயக்கன் தெருவுக்கு அனுப்பினார். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு அருகிலுள்ள அந்தத் தெருவில்தான், திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் தம் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் பிடித்துக்கொள்ள, யாரையும் கூப்பிடாமல் தரையில் பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது உடல் என்றால் ‘நான்’ என்று உள்ளே துடிப்பது எது என்று அவர் பார்த்தது அங்கேதான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. எத்தனையோ முறை அந்தத் தெரு வழியாக ஸ்டாம்பு வெண்டரைத் தேடிப் போயிருக்கிறேன். அந்த வீட்டுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

தொழில் புத்தி என்பதால், ஆகஸ்டு 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் எழுதிவைத்த சீட்டுதான் எனக்கு அதிகம் பிடித்தது. ‘நான்’ என்று தொடங்குகிறவர் அடுத்த வாக்கியத்திலேயே தம்மை ‘இது’ என்கிறார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. எந்தச் சார்பதிவாளரும் திருப்பி அனுப்பிவிடக்கூடிய ஆவணம்.

அவரிடம் 1902 வாக்கில் திருவண்ணாமலைக்குச் சென்று கேள்விகள் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறை ஊழியர் என்பதை அறிந்தபோது, தாலுகா ஆபீஸ் வாசனை உள்ளவர்களுக்கும் இதில் இடமுண்டு என்று ஒரு தெம்பு வந்தது. அப்போது பேசாதிருந்த மகரிஷி எழுதிக் காட்டிய பதில்களிலிருந்தே ‘நான் யார்?’ என்ற சிறு நூல் உண்டானது. எண்ணம் எழும்போது அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு என்று கேட்பது. ‘எனக்கு’ என்று பதில் வந்தால், அந்த நான் யார் என்று வந்த வழியே திரும்புவது. இதைத்தான் விசாரம் என்கிறார்கள். படிக்க எளிது. கடையில் உட்கார்ந்து செய்யும்போது, இரண்டாவது கேள்விக்கு வருவதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பல நாட்கள் அது வெறும் வாய்ப்பாடாகவே ஓடியது. ‘நான் விசாரம் செய்கிறவன்’ என்று தாளில் இன்னோர் எல்லையைக் கூட்டியதுதான் மிச்சம். அதைச் சொன்னபோது வாத்தியார் நெடுநேரம் சிரித்தார்.

இப்போதும் யாராவது குரல் உயர்த்தினால் நெஞ்சு இறுகத்தான் செய்கிறது. இறுகியது யாருக்கு என்று தேடும் அந்த நொடியில் சில நேரம் ஆள் யாரும் அகப்படுவதில்லை. இறுக்கம் மட்டும் இருந்து, தானே தளர்ந்துபோகிறது. நேற்று ஒரு கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், ‘ஆவணம் தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்திடப் போய், பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

“என்னண்ணே, மை தீந்துருச்சா?” என்றார் எழுதிக் கொடுக்க வந்தவர்.

இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.