வீணை அறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர்: உப்பு எங்கே போகிறது?

டொரன்டோ குளிர்காலத்தில் வீணை இருக்கும் அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. காற்றுக்கு ஈரம் ஊட்டும் இந்தக் கருவியை, ஹியூமிடிஃபையரை, நானே செய்யத் தொடங்கிய காரணம் அவ்வளவுதான். எங்களுடையது தஞ்சாவூரில் செய்த ஒட்டு வீணை. குடம், தண்டி எல்லாம் தனித்தனியாகக் கடைந்து சேர்த்தது. பலா மரம் காய்ந்தால் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கு வாக்கில்தான் சுருங்கும். அந்த இணைப்பு விட்டுப்போனால் இங்கே சரிசெய்ய ஆள் தேடுவதே பெரும்பாடு.

முதலில் கணக்கு. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 2 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் 17 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பதோ அதே 2 கிராம். ஹீட்டர் காற்றைக் காயவைக்கிறது என்று சொல்கிறோமே, அது ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுப்பதில்லை; கொள்ளளவைத்தான் கூட்டுகிறது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டில் 20 சதவீதம் வரை வருகிறது.

வீணை அறை 30 கன மீட்டர். 20-லிருந்து 40 சதவீதத்துக்கு ஏற்ற நூறு கிராம் தண்ணீர் போதும், அரை டம்ளர். ஆனால் காற்று நிற்பதில்லையே. மணிக்குப் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 50 கிராம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1.2 லிட்டர். வடிவமைப்புக்கு நான் எடுத்துக்கொண்ட எண் இதுதான்.

வீட்டில் ஏற்கெனவே அல்ட்ராசோனிக் வகை ஹியூமிடிஃபையர் ஒன்று இருந்தது. அது தண்ணீரை ஆவியாக்குவதில்லை. மிக வேகமாக அதிரும் ஒரு சிறு தகடு, தண்ணீரை நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி காற்றில் காய்ந்துவிடும், அதில் கரைந்திருந்த உப்பு எங்கே போகும்? வெள்ளைப் பொடியாக, வீணையின் மெட்டுகளைப் பதித்திருக்கும் கருப்பு மெழுகு மேல் படிந்தது. மெட்டுக்கு மெட்டு துடைக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிவது போகட்டும், மிதப்பதை மூச்சில் இழுக்கிறோம். அந்த வகைக்குக் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள், அது நியாயம். நான் குழாய்த் தண்ணீரையே ஊற்ற விரும்பியதால் ஆவியாக்கும் வகைக்கு வந்தேன். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் காற்றுக்குப் போகும். உப்பு கருவிக்குள்ளேயே தங்கிவிடும்.

முதல் வடிவம் எளிமையானது. ஆறு லிட்டர் வாளி, உள்ளே கடையில் மாற்று உருப்படியாகக் கிடைக்கும், தண்ணீரை உறிஞ்சும் உருளைத் திரி, மூடியில் கம்ப்யூட்டரில் இருக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன். வாளியின் பக்கத் துளைகள் வழியே காற்று நுழைந்து, ஈரத் திரியைத் தாண்டி, மேலே வெளியேறும். தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் 12 வோல்ட்டுக்கு மேல் எதையும் வைக்கவில்லை.

வாளியைத் தராசில் வைத்து எடை குறைவதைப் பார்த்தேன். அறை 20 சதவீதத்தில் இருக்கும்போது மணிக்கு 90 கிராம் போனது. 40-ஐத் தொட்டதும் 60 சொச்சம்தான். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த குணம்: காற்று ஈரமாக ஈரமாகக் கருவி தானாகவே அடங்கும். அல்ட்ராசோனிக் அப்படி இல்லை, நிறுத்தும் வரை துப்பிக்கொண்டே இருக்கும். திரிக்குள் வெப்பமானியைச் செருகினால் 11 டிகிரி காட்டியது, அறை 21-ல் இருக்கும்போது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,450 கிலோ ஜூல் வேண்டும், அதை அறைக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. நாளைக்கு 1.2 லிட்டர் என்றால் 34 வாட் குளிரூட்டல், இடைவிடாமல். ஃபேன் தின்பது மூன்று வாட்கூட இல்லை. மீதியை ஹீட்டர் ஈடுகட்டுகிறது.

ஈரப்பதமானியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் சேறுபோலக் குழைத்து, மானியோடு மூடிய டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது, நாலு கூட்டிப் படிக்கிறேன்.

சரி, உப்புக்கு வருவோம். எங்கள் குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம், நடுத்தரம். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 180 மில்லிகிராம் சுற்றி வருகிறது. நாளைக்கு 1.2 லிட்டர் ஆவியானால் 200 மில்லிகிராமுக்கு மேல், மாதத்துக்கு ஆறு கிராமுக்கு மேல் உள்ளே சேரும். சேர்ந்தே தீரும், வேறு வழி இல்லை.

வாளியில் தண்ணீர் குறையக் குறைய மீட்டர் ஏறும் என்று எதிர்பார்த்தேன். அடியில் ஒன்றரை லிட்டர் மிச்சமிருக்கும்போது 700-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். 260 காட்டியது. மீதி உப்பு திரியின் மேல் விளிம்பில் இருந்தது, வெள்ளையாக, விரலால் தட்டினால் உதிரும்படி. புது மண்பானையின் வெளிப்பக்கம் உப்புப் பூக்குமே, அதே வேலைதான். திரியில் தண்ணீர் ஒரே திசையில் ஏறுகிறது. காற்று படும் இடத்தில் ஆவியாகிறது, கரைந்திருந்தது அங்கேயே நிற்கிறது, திரும்பி இறங்க வழியில்லை. கூடவே கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரைவிட்டு வெளியேறுவதால் பைகார்பனேட் சுண்ணாம்பாக மாறிப் படிகிறது. படிந்த இடம் தண்ணீரை உறிஞ்சாது. மேல்பகுதி காய்ந்து, மணிக்கு 60 கிராம் ஆவியானது 40 கிராமுக்கு இறங்கியது.

திரியைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது கொஞ்ச காலம் உதவுகிறது. வினிகரில் ஊறவைத்தால் நுரைத்துக் கரைகிறது. ஒரு கிராம் சுண்ணாம்புப் படிவுக்கு 5 சதவீத வினிகர் 24 மில்லி வேண்டும் என்று ரசாயனக் கணக்கு சொல்கிறது. ஒரு மாதப் படிவுக்கு 150 மில்லி. திரி முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் திரி நைந்துகொண்டே வருகிறது.

அதனால் இரண்டாவது வடிவத்தில் தண்ணீரின் திசையை மாற்றினேன். மீன் தொட்டிக்கான சின்ன பம்ப் ஒன்று வாளியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, துளையிட்ட குழாய் வளையம் வழியாகத் திரியின் தலையில் ஊற்றுகிறது. ஆவியாவதைவிடப் பல மடங்கு தண்ணீர் வழிந்து கீழே திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது உப்பையும் கழுவி எடுத்து வருகிறது. ஊரில் கோடைக்கு வாங்கும் ஏர் கூலர்களில் பம்ப் வைத்திருப்பதும் இந்த முறைதான். அதன் அருமை இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

வித்தியாசம் மீட்டரில் உடனே தெரிந்தது. மூன்று நாளில் ஆறு லிட்டர் 2.4 லிட்டராகிறது. உப்பு எதுவும் படியவில்லை என்றால் 450 வர வேண்டும், 410 வருகிறது. அதாவது பெரும்பகுதி வாளித் தண்ணீரில் இருக்கிறது, கொட்டிவிடலாம். இதில் விடாப்பிடியாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: மிச்சமிருக்கும் தண்ணீரோடு புதுத் தண்ணீரை ஊற்றி நிரப்பக்கூடாது. மிச்சத்தை முழுக்கக் கொட்டி, வாளியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு மட்டுமல்ல, வாளியில் வழவழப்பாகப் படரும் பாசியும் அதோடு போகும். தண்ணீர் வீணாகிறதே என்று மனசு கேட்காதவர்கள் அதைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

சாஃப்ட்னர் போட்ட தண்ணீர் தீர்வாகுமா என்று யோசித்தேன். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது. கெட்டிப் படிவு குறையும், மொத்த உப்பு குறையாது. கொட்டுவது கொட்டியே ஆக வேண்டும்.

இப்போதைய நிலை: அறை 40 முதல் 43 வரை நிற்கிறது. வெளியே மைனஸ் 20-ஐத் தொடும் நாள்களில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிவதால் 35-க்கு இறக்கிவிட்டு, வீணையை உறைக்குள் வைக்கிறோம். திரியின் மேல்பகுதி இன்னும் மென்மையாகவே இருக்கிறது. பம்பின் ரீங்காரம் சுருதியோடு மோதியதால் அடியில் ரப்பர் வைத்தேன், பயிற்சி நேரத்தில் நிறுத்தியும் விடுகிறோம்.

அடுத்து, கொட்டும் வேலையைக் கருவியே பார்த்துக்கொள்ள வேண்டும். பம்ப் குழாயிலிருந்து மெல்லிய டியூப் ஒன்றைப் பிரித்து, ஒரு பாட்டிலுக்குள் சொட்டவிடலாம் என்று திட்டம். ஆவியாவதில் பாதி அளவு வெளியேறினால் உப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறாது. நாளைக்கு 600 மில்லி, நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு. அவ்வளவு மெதுவாகச் சொட்டும் முனையைச் சுண்ணாம்பு அடைக்காமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.