எச்எம்டி ஜனதா: ஒரு பாகம்கூட மாற்றாமல்

சந்தையில் வாங்கிய என் பழைய எச்எம்டி ஜனதா சாவி வாட்ச் ஓட ஆரம்பித்துவிட்டது. டயல் மேலே பார்க்க, துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்தால் ஆம்ப்ளிட்யூட், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, 268 டிகிரி காட்டுகிறது, ஒரு நாளைக்கு 9 விநாடி முந்துகிறது. கழற்றுவதற்கு முன் முழுச் சாவி கொடுத்தும் 170-ஐத் தாண்டவில்லை. படுக்க வைத்தால் ஓடும், நிமிர்த்திப் பிடித்தால் நின்றுவிடும். இத்தனைக்கும் இதில் ஒரு பாகம்கூட மாற்றவில்லை. பழைய வாட்ச்களில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். செத்துவிட்டது என்று சொல்லி விற்கப்படும் எச்எம்டிகளில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல, எண்ணெய் காய்ந்துபோனவை.

ஜனதாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான் என்று வரிசையாக வந்தன. அப்புறம் 1984-ல் டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களைக் கொண்டுவந்தபோது சாவி வாட்ச்சின் மவுசு குறைந்தது. 2016-ல் எச்எம்டி வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. செய்த பிரிவையே மூடிய பிறகு உதிரி பாகத்துக்கு எங்கே போவது? இன்னொரு பழைய வாட்ச்சின் மிஷினை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் பாகம் மாற்றாமல் ஓட வைப்பதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

இந்த ஜனதா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. வெள்ளை டயல் மஞ்சள் பாரித்து, ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாகக் கறை. பக்கத்திலேயே பளபளவென்று இன்னொரு ஜனதா, டயல் கருநீலம். அதைத் தொடவில்லை. அது ரீ-டயல். பழைய டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்து அச்சடித்து விற்பார்கள். சேகரிப்பவர்கள் இதை மும்பை ஸ்பெஷல் என்பார்கள். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தின் ஓரம் தடித்து மசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக வராது, 'மேட் இன் இந்தியா' என்ற வரி கோணலாக இருக்கும். கறை படிந்த அசல் டயலை எப்போதும் எடுக்கலாம். பெயின்ட் அடித்துவிட்டால் அடியில் இருந்தது போனது போனதுதான்.

சந்தையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை சில உண்டு. சாவி கொடுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் இறுகவே இல்லை என்றால் முறுக்கைத் தேக்கி வாட்ச்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் அறுந்திருக்கும், இல்லை பிடிப்பு நழுவும். சாவியை இழுத்து முள்ளை நகர்த்திப் பார்க்க வேண்டும். லேசாக ஆட்டிக் காதில் வைத்தால் பேலன்ஸ் துடிக்கிறதா என்று தெரியும். கொஞ்ச நேரம் துடித்துவிட்டு நின்றால் நல்ல அறிகுறி. பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது அதன் அச்சு, உடையவில்லை, உள்ளே அழுக்குதான் என்று பெரும்பாலும் நம்பி வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்ததும் வேறெதையும் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்துகள், எண்கள். பழைய மெக்கானிக்குகள் சர்வீஸ் செய்த மாதத்தையும் வருஷத்தையும் இப்படித்தான் கீறி வைப்பார்கள். இதில் 3/78, 11/83, அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் 'ர' என்ற எழுத்தும் 90-உம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் எண்ணெய் போடவில்லை என்பதை அந்த வாட்ச்சே எழுதி வைத்திருந்தது. நான் மூடியில் எதுவும் கீறவில்லை. என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவர் எங்கள் பக்கத்துத் தெருவில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் பாய். அவரிடம் 170 டிகிரி என்றதும் சிரித்தார். "அந்த மிஷின் சொல்றது இருக்கட்டும் தம்பி. பார்ட்ஸு மாத்தணும்னு மட்டும் உடனே கிளம்பிடாத. எண்ணெ காஞ்சிருக்கா, அழுக்கு அடைச்சிருக்கா, காந்தம் புடிச்சிருக்கா, இந்த மூணையும் பாரு மொதல்ல."

காந்தத்தில் தொடங்கினேன், அதுதான் சுலபம். ஒரு சின்னத் திசைகாட்டியைப் பேலன்ஸுக்கு மேலே பிடித்தால் போதும். வாட்ச் ஓடும்போது திசைகாட்டி முள் நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் ஏறினால் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் தாறுமாறாக முந்தும். இதில் முள் அசையவில்லை.

பிரிக்கும் முன் மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட வேண்டும். முறுக்கு அவிழாமல் தடுக்கும் கிளிக் என்ற கொக்கியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியை விரல் நழுவாமல் மெல்லத் திரும்ப விட வேண்டும். சக்கரங்களைப் பல் பல்லாக விடும் பேலட் ஃபோர்க் என்ற சின்னக் கவையை முறுக்கோடு கழற்றினால் சக்கரங்கள் மொத்தமும் கட்டவிழ்ந்து சுழன்று பல் உடையும். பேலன்ஸை எடுத்தேன், பேலட் ஃபோர்க்கை எடுத்தேன், அப்புறம் சாவியை அரைக்கால் சுற்று கொடுத்துப் பார்த்தேன். சுத்தமான மிஷினில் சக்கரங்கள் சரசரவென்று ஓடி, நிற்கும் முன் ஒரு நொடி பின்னோக்கி வரும். இதில் திணறித் திணறி நகர்ந்து அப்படியே நின்றன. கோளாறு எங்கே என்று அப்போதே புரிந்துவிட்டது.

இந்த மிஷினில் 17 ஜூவல். ஜூவல் என்பது சக்கரங்களின் அச்சு உட்காரும் செயற்கை மாணிக்கக்கல். அதன் துளைக்குள் எண்ணெய் காய்ந்து பழுப்பு நிறத்தில் பிசினாகப் பிடித்திருந்தது. வெறுமனே திரவத்தில் முக்கி எடுத்தால் இது போகாது. மூங்கில் குச்சியை ஊசிபோலச் சீவி, துளைக்குள் விட்டுத் திருக வேண்டும். நுனி கறுப்பாக வரும். சீவிவிட்டு மறுபடி திருக வேண்டும். நுனி வெள்ளையாக வெளியே வரும்வரை இதே வேலை. எனக்கு இந்த வேலையில் நேரம் போவதே தெரிவதில்லை.

கழுவுவதற்கு பாய் பெட்ரோல் வைத்திருக்கிறார், நான் லைட்டர் ஃப்ளூயிட். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஊறப்போடவே கூடாது. அவற்றில் இருக்கும் குட்டிக் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹாலில் அது கரைந்துவிடும்.

மெயின்ஸ்பிரிங்கை டப்பாவிலிருந்து எடுத்தபோது நன்றாக விரிந்துகொண்டது. களைத்துப்போன ஸ்பிரிங் வெளியே வந்தாலும் சுருண்டே கிடக்கும். ஆக, மாற்ற வேண்டியதில்லை. துடைத்து, வைண்டர் என்ற சுற்றும் கருவியில் சுற்றி, பழையபடி உள்ளே போட்டேன். கையால் சுற்றி அடைப்பவர்கள் உண்டு, ஸ்பிரிங் கோணிக்கொள்ளும்.

எண்ணெய் போடுவதுதான் இந்த வேலையின் உயிர். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் கிடையாது. வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் கம்பெனியின் 9010 எண்ணெய், மெதுவாகவும் அழுத்தத்தோடும் திரும்பும் இடங்களுக்கு டி5, பேலட் கற்களுக்கு 9415. பேலன்ஸின் மேல் முனையில் அதிர்ச்சி தாங்க வைத்திருக்கும் பாராஷாக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் தட்டையான மூடிக்கல்லைத் தனியே எடுத்தேன். கடுகில் பாதிகூட இருக்காது. அதன் நடுவில் ஒரு துளி வைத்தால் அது கல்லின் பாதிக்குக் கொஞ்சம் மேலே பரவி, வட்டமாக நிற்க வேண்டும். ஓரம்வரை போனால் எண்ணெய் அங்கே தங்காது, வழிந்துவிடும். பேலட் ஃபோர்க்கின் அச்சுகளுக்கு மட்டும் எண்ணெயே கிடையாது. அது சுழல்வதில்லை, அப்படியும் இப்படியும் அசைவதுதான். எண்ணெய் வைத்தால் இழுக்கும்.

எல்லாவற்றையும் பூட்டி, கடைசியாகப் பேலன்ஸை இறக்கி, நாலு சுற்று சாவி கொடுத்ததும் தானாகவே துடிக்கத் தொடங்கியது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. பாயிடம் காட்டினேன். காதில் வைத்துக் கேட்டார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், "டயலைத் தொடலியே?" என்று மட்டும் கேட்டார். தொடவில்லை.

கேஸையும் தொடவில்லை. பித்தளை மேல் குரோம் பூசியது அது. வியர்வையில் குரோம் உரிந்த இடத்தில் பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். மேல்கண்ணாடி அக்ரிலிக் என்பதால் அதன் கீறலை மட்டும் வெள்ளை டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்து எடுத்தேன்.

மேசையில் இன்னும் இரண்டு காத்திருக்கின்றன. ஒன்று காஞ்சன், எச்எம்டியின் ஆட்டோமேட்டிக். கிழமை இந்தியிலும் இங்கிலீஷிலும் வரும். ஒரு காலத்தில் கல்யாணச் சீரில் இடம்பிடித்த வாட்ச். கையை ஆட்டினால், அந்த அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் ரோட்டர் உரசும் சத்தம் கேட்கிறது, அச்சு தேய்ந்திருக்கலாம். இன்னொன்று ஃபேவர் லூபா என்ற சுவிஸ் வாட்ச், ஒன்றுக்கு இரண்டு மெயின்ஸ்பிரிங் டப்பா உள்ள மிஷின். அதில் பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்தே இருக்கிறது. பழையதைக் கடைந்து எடுத்துப் புதியதை அடிக்க ஸ்டேக்கிங் செட் என்ற அடிகருவிகளும் லேத்தும் வேண்டும். அதைப் பாயின் கையில்தான் கொடுக்கப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

பழைய சுவிஸ் வாட்ச் கைக்கு வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1960-களுக்கு முந்தைய டயல்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 வருஷம். அந்தப் பூச்சைச் சுரண்டவோ, உதிர்ந்த தூளை ஊதவோ கூடாது. எனக்கு அப்படி ஒன்று வந்தால் மூடியைத் திறக்கவே மாட்டேன்.

இப்போதைக்கு ஜனதாவைத் தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்கிறேன். ஆறு நிலைகளிலும் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்துவருகிறேன். சாவி கீழே பார்க்கும் நிலையில் மட்டும் இன்னும் 20 விநாடிக்குமேல் பிந்துகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொடும் முன் எண்ணெய் படியட்டும் என்று இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கிறேன்.