பள்ளி வாசலில் நிற்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம் வந்தால் பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் பூங்கொத்தும் கேக்கும் மேசை கொள்ளாமல் குவியும். ஆசிரியர்களுக்கு அது தகும். ஆனால் விடிவதற்கு முன்பே வாசலைத் திறந்து வைக்கும் ஜாகா (பள்ளிக் காவலர்), இருட்டோடு இருட்டாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்காரர், வேலைக்குப் போகும் முன் இருபது நிமிடம் சாலையோரம் நிற்கும் பெற்றோர் ஆகியோரை அன்றைக்கு யாரும் நினைப்பதில்லை. இவர்களுக்கு மாலையும் பொன்னாடையும் போடுவதைவிட, இவர்களுடைய வேலைச் சுமையைக் குறைப்பதுதான் உருப்படியான நன்றி. நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

முதலில் வாசல். மணி அடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் கார், மோட்டார், வேன் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். ஜார்ஜ்டவுன் பக்கம் சாலை குறுகல். பிறை, பட்டர்வொர்த் பக்கம் போனால் அதே நேரத்தில் லோரிகளும் ஓடும். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம்தான். ஓரத்தில் நிற்கும் இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து அது சாலையில் கால் வைக்கும்வரை எந்த ஓட்டுநர் கண்ணுக்கும் தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு வினாடி ஆகும். மழை பெய்த சாலையென்றால் நிற்க இன்னும் தூரம் வேண்டும்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டிய முதல் உதவி, எதிர்ப்பக்கம் நிறுத்திப் பிள்ளையை "ஓடு, ஓடு" என்று அனுப்பாமல் இருப்பது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து பள்ளிப் பக்கமே நிறுத்துங்கள், ஐந்து நிமிடம்தான் கூடுதலாகும். பிள்ளையைப் பின்னிருக்கையில் இடப்பக்கம் உட்கார வையுங்கள், கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். பை காரின் பின்பெட்டியில் இருக்கக் கூடாது. அதை எடுக்கப் பிள்ளை வண்டிக்குப் பின்னால் போய் நிற்கும்போது அடுத்த கார் நெருங்கிவிடும். பை மடியிலேயே இருக்கட்டும். மோட்டாரில் வருகிறவர்களும் பிள்ளையை இடப்பக்கமாகவே இறக்குங்கள். நம் ஊர் மோட்டார்களில் புகைக்குழாய் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால், அவசரத்தில் அந்தப் பக்கம் இறங்கும் பிள்ளையின் கெண்டைக்கால் வெந்துபோகும். ஹெல்மெட்டை நடைபாதையில் ஏறிய பிறகு கழற்றினால் போதும்.

சாலையோரத் தொண்டர்கள் விஷயத்தில் பல பள்ளிகள் தடுமாறுவது ஆர்வக் குறைவால் அல்ல, முறை இல்லாததால். முதல் வாரம் பத்துப் பேர் வருவார்கள். இரண்டாம் மாதத்தில் பார்த்தால் அதே இருவர்தான் நிற்பார்கள், அவர்களும் சோர்ந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஒருவருக்கு வாரத்தில் ஒரே நாள், ஆக இருபது பேர். மழை, காய்ச்சல் என்று யாராவது வர முடியாத நாளுக்கு மாற்றாக ஐந்து பேர். இந்தப் பட்டியலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தவணைத் தொடக்கத்திலேயே புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுவிட வேண்டும். நால்வரில் இருவர் கடக்கும் இடத்தின் இரு கரையில், ஒருவர் கார்க் கதவு திறக்கும் இடத்தில், ஒருவர் வாசலில்.

தேவையான பொருள் அதிகமில்லை: ஒளி பட்டால் மின்னும் மேலாடை நான்கு, விசில், மழைக்கோட்டு, ஆறு கூம்புகள். கூம்பு இடுப்பளவாவது உயரம் இருக்கட்டும். முழங்கால் உயரக் கூம்பு காருக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாது, ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். கடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் பத்து மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்காதபடி அவற்றை வைக்க வேண்டும், அதுவும் முதல் கார் வருவதற்கு முன்பே. ஒரு கார் நின்றுவிட்டால் அப்புறம் அதை நகர்த்த ஆளில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்டரின் வேலை பிள்ளையை நிறுத்துவதே தவிர வண்டியை நிறுத்துவது அல்ல. நடுச்சாலையில் இறங்கிக் கை காட்ட வேண்டாம். வண்டியை நிறுத்த வேண்டிய சாலையாக இருந்தால் மாவட்டப் போலீஸின் போக்குவரத்துப் பிரிவுக்குத் தலைமையாசிரியர் மூலம் கடிதம் போடுங்கள். கார்க்காரர் ஒருவர் நல்ல மனதோடு நிறுத்தி, "போம்மா" என்று கையசைப்பார். அந்தக் காரை ஒட்டிப் பக்கவாட்டில் வரும் மோட்டாருக்கு இது தெரியாது. மோட்டாரும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பிள்ளையை விட வேண்டும்.

வேன்காரருக்கு நன்றி சொல்வது இதைவிட எளிது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் வேன் கிளம்பும் முன்பே, முந்தின இரவே என்றால் இன்னும் நல்லது, தகவல் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஹாரன் அடித்துக் காத்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தை அவர் சாலையில் வேகமாக ஓட்டித்தான் ஈடுகட்டுவார். மாதக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே கொடுங்கள். தாமதமானால் டீசலையும் டயரையும் அவர் கடன் வாங்கித்தான் பார்க்க வேண்டும், தேய்ந்த டயரில் போவது நம் பிள்ளை. பதிலுக்கு அவரிடம் ஒன்றை உரிமையோடு கேளுங்கள்: கடைசிப் பிள்ளை இறங்கியதும் கடைசி இருக்கைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். அதிகாலையில் எழுந்த பிள்ளைகள் பின்வரிசையில் சாய்ந்து தூங்கிவிடும். நம் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே சூடு பத்து டிகிரிபோல ஏறும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் பார்த்தால் போதாது, படுத்திருக்கும் பிள்ளை அதில் தெரியாது.

இனி ஜாகா. பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தால், அவர் ஆள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத மாமாவோ சித்தியோ வந்தால் அவர் தடுப்பார், அதற்காகக் கோபப்படாதீர்கள். அலுவலகத்திலிருந்து பெற்றோருக்குப் போன் போகட்டும். ஜாகாவின் மேசையில் அவசர அழைப்புக்கான 999, குழந்தைகள் உள்ளிட்டோருக்கு உதவும் தாலியான் காசே எண் 15999, அலுவலக எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நிழல், நாற்காலி, தண்ணீர் இருக்கிறதா, அவர் கழிப்பறைக்குப் போகும் நேரத்தில் வாசலை யார் பார்க்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் ஒருமுறையாவது கேளுங்கள்.

தீபாவளிக்குத் தனித்தனியாக அவர் கையில் பணம் திணிப்பது மட்டும் வேண்டாம். நல்ல எண்ணம்தான். ஆனால் உங்களிடம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கியவர் நாளைக்கு உங்களை வாசலில் நிறுத்தி "பெயர் எழுதுங்க சார்" என்று சொல்லத் தயங்குவார். எல்லோரும் போடுவதைச் சங்கம் சேர்த்து, ஒரே உறையில் கொடுக்கட்டும். அதோடு ஒரு கடிதமும் சேரட்டும். பல ஜாகாக்கள் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள், குத்தகை முடிந்தால் வேலையும் நிச்சயமில்லை. எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார், என்னென்ன செய்தார் என்று குறிப்பாக எழுதி, தலைமையாசிரியரும் சங்கத் தலைவரும் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதைப் பெரும்பாலும் மலாய் தெரிந்த மேலாளர்தான் படிப்பார் என்பதால் கடிதம் மலாயில் இருக்கட்டும். முத்திரை போட்ட நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுங்கள். வேறு பள்ளியில் வேலை கேட்டுப் போகும்போது அவர் நீட்டிக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.