ஸ்ட்ரைக்கர் இப்போது மகள் கையில்

எங்கள் ஆயாவுக்குச் சின்ன வயது என்றால் காசிமேட்டில் கருவாடு காயவைத்துக் காக்கா ஓட்டியதுதான். அம்மாவுக்கு ஏழாங்கல்லும் பாண்டியும் கிடைத்தன. வயதுக்கு வந்ததும் அதுவும் நின்றது. தெருமுனை கேரம் கிளப்பை நானும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே முழுக்க அண்ணன்கள்.

இன்று என் மகள் அங்கே உட்கார்ந்து போர்டில் பவுடரைத் தூவுகிறாள். ஸ்ட்ரைக்கரை உள்ளங்கையில் தேய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, சிவப்புக் காயைக் குறிவைக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை தீரவில்லை.

2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளை யாரும் தடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போட்டி. கூடப் போவது என் அம்மாதான்.