பூசாரி இல்லாத சனிக்கிழமை

எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஹைலண்ட் பார்க் தெரியாமல் இருக்காது. நியூ ஜெர்சியில் எடிசனை ஒட்டியிருக்கும் குட்டி ஊர், ராரிட்டன் ஆற்றைத் தாண்டினால் நியூ பிரன்ஸ்விக். சனிக்கிழமை காலையில் அந்த வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கோட் சூட் போட்ட ஆண்கள், தொப்பி வைத்த பெண்கள், தள்ளுவண்டியில் குழந்தை என்று யூதர்கள் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள், மழையோ பனியோ யாரும் காரைத் தொடமாட்டார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்த ஊர்க்காரர், ஆர்த்தடாக்ஸ் யூதர், கணக்குத் துறையில் இருக்கிறார். டிசம்பரில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆளைப் பிடிக்க முடியாது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் வீட்டில் விளக்கு ஏற்றிவிட வேண்டும், அதோடு சரி, மறுநாள் இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை ஃபோன், கார், அடுப்பு, பேனா, பணம் எதுவும் கிடையாது. சப்பாத் என்கிற இந்த ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகள் மொத்தம் 39 வகை என்று பழைய சட்ட நூல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அவர்தான் ஒருநாள், சனிக்கிழமை காலை ஷூலுக்கு வந்து பாருங்களேன் என்றார். (ஜெப ஆலயத்தை அங்கே எல்லோரும் ஷூல் என்றுதான் சொல்கிறார்கள்.) போனேன், அப்புறம் அவ்வப்போது போய்க்கொண்டும் இருக்கிறேன். எந்த ஷூல் என்று இங்கே சொல்லவில்லை. வாசலில் ஒரு போலீஸ் கார் நிற்கும், உள்ளே விடுவதற்கு முன் ஒருவர் பெயர் கேட்பார். 2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க்கில் வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு அமெரிக்காவில் பல ஷூல்களில் இப்படித்தான்.

முன்னால் ஒரு ராபை, அதாவது யூத சமய ஆசான், நின்று எல்லாவற்றையும் நடத்துவார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அங்கே ராபை ஒரு ஓரமாக உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். காலைப் பிரார்த்தனையை முன்னின்று சொன்னவர் ஒரு பல் மருத்துவர், தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்கள்) வாசித்தவர் ஒரு கல்லூரி மாணவன், அதற்கடுத்த பிரார்த்தனைக்கு எழுந்து போனவர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். ராபை நடுவில் ஒரு கால்மணி நேரம் பேசினார், அவ்வளவுதான். அவர் ஊரில் இல்லாத வாரம்கூட எதுவும் நிற்பதில்லை என்றார் நண்பர். ஆனால் பத்தாவது ஆள் வராவிட்டால் தோராவை வெளியே எடுக்கவே முடியாது.

பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் இருந்தால்தான் அது ஒரு சபை. எட்டுப் பேர், ஒன்பது பேர் என்றால் அவரவர் தனியாகப் பிரார்த்தனை செய்துகொள்ளலாம், தோரா வாசிப்பு கிடையாது, இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் கடிஷ் கிடையாது. அப்பாவையோ அம்மாவையோ இழந்தவர் பதினொரு மாதம் தினமும் கடிஷ் சொல்ல வேண்டும், அவருக்காகவே வேலைக்குப் போகும் வழியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தோராவின் நாலாவது ஆகமமான எண்ணாகமத்தில் மோசே கானான் தேசத்தை வேவு பார்க்கப் பன்னிரண்டு பேரை அனுப்புகிறார், அதில் பத்துப் பேர் பயந்துபோய்த் திரும்பி வந்து மக்களைக் கலங்கடிக்கிறார்கள். கடவுள் கோபத்தில் அந்தப் பத்துப் பேரைப் 'பொல்லாத சபை' என்கிறார். ஆக, பத்துப் பேர் சேர்ந்தால் சபை! கணக்கு அந்தக் கோழைகளிடமிருந்து எடுத்தது. இதை நண்பர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பூசாரிகள் ஒரு காலத்தில் இருந்தார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு பலி பீடமும் பூசையும் போயின. அந்தக் குருமார் வம்சத்தில் வந்தவர்கள், கோஹன் என்று அழைக்கப்படுகிறவர்கள், இப்போதும் இருக்கிறார்கள். தோரா வாசிப்பில் முதல் அழைப்பு அவர்களுக்கு, இரண்டாவது, ஆலயத்தில் அவர்களுக்கு உதவியாக இருந்த லேவியர் வம்சத்துக்கு. ராபை இந்தக் குருமார் கணக்கிலேயே வர மாட்டார், அவர் சட்டம் படித்தவர், சந்தேகம் கேட்டால் சொல்கிறவர்.

சனிக்கிழமை காலையின் நடுநாயகம் தோரா வாசிப்புதான். பேழையிலிருந்து சுருளை எடுத்து, எல்லோரும் எழுந்து நிற்க, கூடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மேடையில் வைக்கிறார்கள். தோல் மீது கையால் எழுதியது. மொத்தம் 3,04,805 எழுத்துகள், ஒன்று விடுபட்டாலும் சுருள் செல்லாது. படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படிப் பிழை கண்டுபிடித்தால் அதை எடுத்து வைத்துவிட்டு வேறு சுருளைக் கொண்டுவருவார்கள். எழுத்து தேய்ந்துபோய் இதுவா அதுவா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, அது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். எழுத்து தெரிந்த, ஆனால் வாக்கியம் புரிகிற அளவுக்கு விவரம் வராத பிள்ளையாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவன் அர்த்தத்தை வைத்து ஊகித்துச் சொல்லிவிடுவான் இல்லையா, அதனால். நான் போன நாட்களில் இது நடக்கவில்லை, ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

வாசிப்பது அத்தனை கஷ்டம். சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தற்குறி இல்லை, ராகக் குறிப்பும் இல்லை, நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பதைப் போல வெறும் மெய்யெழுத்துகள். இவற்றையெல்லாம் அச்சிட்ட புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு, சுருளில் வெள்ளியில் செய்த சுட்டுகோலால் வரியைத் தொட்டுக்கொண்டே ராகத்தோடு வாசிக்க வேண்டும். இருபுறமும் இரண்டு பேர் நிற்கிறார்கள், பிழை வந்தால் உடனே சத்தமாகத் திருத்துவதற்கு. அவர்கள் மட்டுமா, கீழே புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் கூட்டமும் திருத்தும். அர்த்தம் மாறுகிற பிழை என்றால் திரும்பப் போய் அந்த வரியை மறுபடி வாசித்தாக வேண்டும். அந்தக் கல்லூரி மாணவன் இடறியபோது கூடத்தின் நாலாபுறமிருந்தும் சரியான உச்சரிப்பு பறந்து வந்தது, அவன் முகம் கூடச் சுளிக்காமல் திருத்திக்கொண்டு மேலே போனான், யாரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எனக்கு இங்கே மிகவும் பிடித்தது இதுதான். பொது இடத்தில் தப்புச் செய்ய இடம் இருக்கிறது, அதே நேரம் தப்பை விட்டுவைக்கவும் மாட்டார்கள்.

ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள், வாரம் குறைகிற வருடங்களில் சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவார்கள். ஏழு பேரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, அவர் ஆசி சொல்ல, ஒரு துண்டு வாசிக்கப்படும். இலையுதிர் காலத்தில் ஒரு பண்டிகையன்று உபாகமத்தின் கடைசி வரியை முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியை ஆரம்பித்துவிடுகிறார்கள், ஒருநாள்கூட இடைவெளி கிடையாது. எதையும் தாண்டிப் போவதும் கிடையாது. ஆபிரகாம் கதை, செங்கடல் பிளந்தது என்று சுவாரசியமான வாரங்கள் வரும், அப்புறம் வழிபாட்டுக் கூடாரத்தின் பலகை எத்தனை முழம், திரைச்சீலைக்கு எத்தனை கொக்கி என்று வாரக்கணக்கில் தச்சு வேலை வரும். வசந்த காலத்தில் லேவியராகமம், தோல் நோயும் வீட்டுச் சுவரில் பூக்கும் பூசணமும். பதின்மூன்று வயது நிறைகிற பையன் அந்த வாரப் பகுதியை வாசிப்பதும் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதும் வழக்கம் என்பதால், ஏப்ரலில் பிறந்த பிள்ளைகள் பாவம், சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, சொறி சிரங்கைப் பற்றிப் பேச வேண்டியதுதான். முடித்ததும் எல்லோரும் அவன் மேல் மிட்டாயை வீசுகிறார்கள், வாண்டுகள் மேடைக்கடியில் புகுந்து பொறுக்குகிறார்கள்.

பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பேர் கணக்கில் அவர்கள் இல்லை, மேடைக்கு அழைப்பும் இல்லை. நண்பரின் மனைவி என்னைவிட நூறு மடங்கு தோரா தெரிந்தவர், அவர் கணவரைவிடவும் அதிகம் தெரிந்தவர் என்று கணவரே சொல்வார், ஆனாலும் அந்தப் பக்கம்தான். எனக்கு இது உறுத்துகிறது, சொல்லாமல் இருந்தால் சரியாக இருக்காது. ஆர்த்தடாக்ஸ் அல்லாத பிரிவுகளில் இது எப்போதோ மாறிவிட்டது, நியூ யார்க்கில் 1922-இலேயே ஒரு சிறுமி சபைக்கு முன் வந்து வாசித்திருக்கிறாள், 1972-இல் அமெரிக்காவின் முதல் பெண் ராபை வந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பிறகு, மாலைப் பிரார்த்தனைக்கு முன் தல்மூத் (பழைய ராபைகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த நூல்) வகுப்பு. பேனா கூடாது, ஃபோன் கூடாது, ஒருவரும் குறிப்பு எடுக்காத வகுப்பு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் போட்டுப் பிடுங்கி எடுக்கிறார்கள், வெளியே கேட்டால் சொத்துத் தகராறு என்று நினைப்பார்கள். ஒருநாள் எனக்காக ஆங்கிலத்தில் விளக்கிய பக்கம், ஓர் அடுப்பு சுத்தமா தீட்டா என்கிற வழக்கு. எலியேசர் என்ற ராபை சுத்தம் என்கிறார், மற்ற எல்லோரும் தீட்டு என்கிறார்கள். நான் சொல்வது சரி என்றால் அந்த மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார் எலியேசர், மரம் பெயர்ந்து தள்ளிப் போய் நிற்கிறது. மரத்தை வைத்தெல்லாம் சட்டம் பேச முடியாது என்கிறார்கள் மற்றவர்கள். ஓடை எதிர்த் திசையில் ஓடுகிறது, சுவர் சாய்கிறது, ஒருவரும் மசியவில்லை. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதுதான் சரி என்று. யோசுவா என்கிற ராபை எழுந்து நின்று, சட்டம் இப்போது வானத்தில் இல்லை என்கிறார். அதாவது, கொடுத்தாயிற்று, இனி நாங்கள் பெரும்பான்மை பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.

கேட்டதும் எனக்கு நக்கீரர்தான் ஞாபகம் வந்தார், அவர்களிடம் சொன்னேன். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நின்ற புலவர், வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவர். சுற்றியிருந்தவர்களுக்கு ஒரே குஷி. அவர்கள் கதையில் கடவுள் எரிக்கவில்லை, என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்று சிரிக்கிறார். அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை, ஆனால் தல்மூத் அடுத்த வரிக்குப் போகிறது. தோற்ற எலியேசரைச் சபையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள், அவர் கண்ணீர் விடுகிறார், உலகத்தில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கருகிப்போகிறது. பெரும்பான்மை சரிதான், ஆனால் ஒரு மனிதனை நோகடித்ததற்குக் கணக்கு வேறு. இதையே வைத்து அந்த வகுப்பு இருட்டும்வரை நடந்தது.

தல்மூத்தில் இப்படி 2,711 தாள்கள். 1923-இல் மேயிர் ஷபிரோ என்ற ராபை சொன்ன யோசனைப்படி உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், முடிக்க ஏழரை வருடம். 2020 ஜனவரி 1 அன்று ஒரு சுற்று முடிவதைக் கொண்டாட இங்கே பக்கத்து மெட்லைஃப் ஃபுட்பால் அரங்கத்தில், குளிரில், 90,000 பேர் அளவில் கூடினார்கள். இந்தியா பாகிஸ்தான் மேட்சுக்கு வருகிற கூட்டம், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததற்கு.

போக விரும்புகிறவர்களுக்கு: முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றால் அவர்களுக்குப் பதற்றம். ஃபோனை வீட்டிலோ காரிலோ விட்டுவிடுங்கள், காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள். ஆண்கள் தலையில் வைக்கக் குல்லா வாசலிலேயே இருக்கும். இனிப்பு ஏதும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், கோஷர் என்கிற அவர்கள் உணவு விதிப்படி அதை அவர்களால் தொட முடியாது, சனிக்கிழமை நீங்கள் சுமந்து வந்ததும் சங்கடம். வழிபாடு முடிந்ததும் சாப்பாடு உண்டு. ச்சோலன்ட் என்று பெரிய பாத்திரத்தில் வரும், பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, வெள்ளிக்கிழமை அடுப்பில் ஏற்றி ராத்திரி முழுக்க வெந்தது. வாசனை ஆளைத் தூக்கும், ஆனால் உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி கிடக்கும், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு எடுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டெடுக்கும் கூகலில் பெரும்பாலும் முட்டை மட்டும்தான்.