இடித்துக் கட்ட நாங்கள் ஒப்புக்கொண்ட விதம்

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நாங்கள் வசிக்கும் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்ற பேச்சு, 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் இடிந்து விழுந்த பிறகுதான் சூடுபிடித்தது. விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியேறியதால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் கூரையிலும் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. இருந்தும் பாதிப் பேர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுத்தார்கள்.

முதலில் கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்தில், உரக்கப் பேசிய நாலைந்து ஆண்களின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் பதிவானது. அதன் பிறகு சங்கத்தில் இருந்த நாங்கள், பிளாக் பிளாக்காகப் போய் மாடிப்படிகளில் உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள் என்பதால், மாலை நேரத்தையே வைத்துக்கொண்டோம். புதுக் கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதை விட்டு, எதை எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்டோம்.

வெளியேறினால் சென்னையின் தெற்கே வாரியம் கட்டிய கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பிவிடுவார்கள் என்பதே பலரின் அச்சம். அப்படித் தென்கோடிக்குப் போன உறவினர்கள், விடியற்காலையில் துறைமுகத்துக்கு வர முடியாமல் தொழிலையே விட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதை வதந்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் தரும் 24,000 ரூபாய் கருணைத்தொகை, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வீட்டுக்காரர்களிடம் ஓர் அறை பிடிக்கவே போதாது. ஓர் அக்காவுக்கோ, ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. பாலித்தீன் பையில் அவர் பத்திரப்படுத்திய அந்தத் தாள் மடிப்பில் கிழிந்து, வீட்டு எண்ணின் கடைசி இலக்கம் அழிந்துபோயிருந்தது.

மிகக் கடினமாக இருந்தது தரைத்தள விவகாரம்தான். வாசலில் இட்லிக்கடை நடத்துபவர்கள் மீண்டும் தரைத்தளமே வேண்டும் என்றார்கள். மூட்டுவலியால் மாதக்கணக்கில் கீழே இறங்காத தாயாரை வைத்திருக்கும் மேல்மாடித் தம்பி, இத்தனை வருடம் நாங்கள் ஏறியது போதாதா என்று கேட்டபோது இரு தரப்பும் எழுந்து நின்றுவிட்டன. சில வாரங்கள் அப்படியே ஆறப்போட்டோம். பிறகு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரைத்தள வீடு, கடைகளுக்கு வளாக முகப்பில் தனி இடம், மற்ற வீடுகளுக்குக் குலுக்கல் என்று மனுவில் எழுதலாம் என்ற யோசனையை இட்லிக்கடைக்காரர் ஒருவரே முன்வைத்தார்.

அதே இடத்தில் வீடு, குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும், வாரிசுப் பெயர் மாற்றம் முடிந்த பிறகே காலி செய்வோம் ஆகியவற்றையும் சேர்த்து, மனுவை ஒவ்வொரு பிளாக்கிலும் வாசித்துக் காட்டினோம். அதிகாரிகளின் எழுத்துப்பூர்வ பதில் கைக்கு வந்த பிறகு பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். மறுத்த சில குடும்பங்களை நாங்கள் நெருக்கவில்லை. அவர்களுடைய காரணங்களை அவர்கள் சொன்னபடியே எழுதி இணைத்தோம்.

கருணைத்தொகையை உயர்த்தும் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. அதற்கான மனுவை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாத குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு இப்போது தனியாக நடத்தி வருகிறோம்.